நான் நீக்கிய பெயர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு அக்காவின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நான் எடுத்துவிட்டேன். வேண்டுமென்று எடுக்கவில்லை. ஆனாலும் எடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்குப் பத்து நாட்கள் ஆயின. 

நான் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளிதான் எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி. அந்தச் சாவடியின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஆறு வருடமாக என் தலையில். வீடு வீடாகப் போய், யார் இருக்கிறார்கள், யார் காலி செய்துகொண்டு போனார்கள், யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்து ஃபோனில் பதிய வேண்டும். காலையில் வகுப்பு, மாலையில் கதவு தட்டல். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தமிழ், கன்னடம் இரண்டும் ஒன்றுதான். கூடவே ஒப்பேற்றும் அளவுக்குத் தெலுங்கும் உருதுவும் தெரியும். அதனால் எங்கள் தலைமை ஆசிரியைக்கு இந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கத் தோன்றுவதே இல்லை.

அந்த முறை மேலே இருந்து ஒரு பட்டியல் வந்தது. பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், வயது மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போகிற ஆட்களைக் கம்ப்யூட்டர் ஜோடி ஜோடியாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்திருக்கிறாரா, அல்லது நிஜமாகவே இரண்டு பேரா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். என் பங்குக்கு இருபதுக்கு மேல் ஜோடிகள். முக்கால்வாசி நிஜமாகவே ஒரே ஆட்கள். கல்யாணமாகி வேறு பேட்டைக்குப் போனவர்கள், சொந்த வீடு கட்டிக்கொண்டு போனவர்கள். நாலைந்து வீடு பார்த்ததுமே எனக்குக் கை ஓடிவிட்டது. எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று மனசும் நம்பிவிட்டது.

அந்த அக்காவின் ஜோடி பொம்மனஹள்ளியில் இருந்தது. அதே பெயர், அதே கணவர் பெயர், வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம். படங்கள் தபால்தலை அளவு. இரண்டிலும் கண்ணாடி போட்ட, நடு வகிடு எடுத்த ஒரு கறுப்பு முகம். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடு. அதில் கடைசி வீடு, பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த தெலுங்குப் பெண் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இந்த வீட்டு அம்மா எங்கே என்று கேட்டேன். பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டார்கள், மகள் அங்கேதான் இருக்கிறாள் என்றாள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. திரும்பி வருவார்களா என்று ஒரு கேள்வி, வீட்டைக் காலி பண்ணிவிட்டார்களா என்று ஒரு கேள்வி. இரண்டையும் கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. ஒரே ஆள், குடிபெயர்ந்துவிட்டார் என்று அந்த வாசலில் நின்றபடியே பதிந்தேன்.

வரைவுப் பட்டியல் வந்ததும் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். நீக்கப்பட்டவர்கள் பெயரும் காரணமும் தனித் தாளில். மூன்றாம் நாள் மதிய உணவு நேரத்தில் அந்த அக்கா வந்தார். பிள்ளைகள் தட்டுடன் வரிசையில் நின்றிருந்தார்கள், நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றார். அவரை எனக்கு முகம் தெரியும், பெயரோடு சேர்த்துத் தெரியாது, அவ்வளவுதான். பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி.யில் சமையல் செய்கிறவர். விடிவதற்கு முன்னே போய் அறுபது பேருக்கு டிபன் செய்வார். பார்த்தால் சிரிப்போம்.

"மிஸ், சுவத்துல என் பேரு போட்டிருக்குது. வீட்டைக் காலி பண்ணிட்டேன்னு போட்டிருக்குது. நான் எங்க போனேன்?"

நான் கரண்டியை வைத்தேன். பொம்மனஹள்ளி என்ற சொல் எனக்குள் எழுந்து வந்து நின்றது.

"பொம்மனஹள்ளி போயிருந்தீங்களாக்கா?"

"பொண்ணு பிரசவத்துக்குப் போனேன் மிஸ். ரெண்டு மாசம். வந்து இருபது நாளாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "போன எலெக்‌ஷன்ல நீங்கதானே எனக்குச் சீட்டு எழுதிக் குடுத்தீங்க" என்றார்.

அவர் குரலை உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். அவர் உயர்த்தவில்லை. அப்போது என் வாயில் வந்தது ஒரு பொய். கம்ப்யூட்டரில் பெயர் மாறிப்போய்விட்டது அக்கா, பொம்மனஹள்ளியில் உங்கள் பெயரிலேயே இன்னொருவர் இருக்கிறார், மெஷின் குழம்பிவிட்டது, நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். ஒரு பாதி உண்மைதான். மறுபாதியை விழுங்கிவிட்டேன். தவறாக விசாரித்ததற்கு நோட்டீஸ் வந்த ஒரு ஆசிரியையை எனக்குத் தெரியும். அந்தப் பயம் ஒரு பக்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றது இன்னொரு பக்கம். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே வார்டு ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். எழுத்தர் சொன்னது இதுதான். புதிதாக விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே ஆள் என்று நீங்களே முடித்துவைத்திருக்கிறீர்கள், அதனால் கம்ப்யூட்டர் மறுபடியும் அதே ஜோடியைத் தூக்கிக் காட்டும். பொம்மனஹள்ளியில் இருப்பவர் வேறு ஆள் என்று அத்தாட்சி வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு முடிவதற்குள் வேண்டும்.

பொம்மனஹள்ளிச் சாவடியின் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கை நிறைய வேலை. பக்கத்துச் சாவடிக்கும் அவரே ஓடிக்கொண்டிருந்தார். மேடம், இந்த வாரம் என்னால் முடியாது, நீங்களே போய்ப் பாருங்கள், பார்த்துச் சொன்னால் அடுத்த நாள் நான் போய்க் கையெழுத்துப் போடுகிறேன் என்று கன்னடத்தில் சொல்லி விலாசத்தை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக அக்காவிடம் சொன்னேன். நானும் வரேன் மிஸ் என்றார். பொண்ணு வீடு அங்கேதானே, பேரனையும் பார்த்த மாதிரி ஆகும் என்று அவரே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டார்.

டொம்லூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். கண்டக்டர் இருவரின் ஆதாரையும் பார்த்து, பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். சில்க் போர்டு நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. மெட்ரோ தூணுக்கு அடியில், முன்னும் பின்னும் நகராமல், அரை மணி நேரம். ஜன்னல் ஓரத்தில் அக்கா, பக்கத்தில் நான். அவர் மடியில் பேரனுக்கு வாங்கிய பருத்தித் துணிகள். தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, கம்ப்யூட்டர் பேரைக் காட்டினது நிஜம்தான். ஆனா உங்களை எடுத்தது கம்ப்யூட்டர் இல்ல. நான்தான். பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துட்டேன்."

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மிஸ். அந்தத் தெலுங்குப் பொண்ணு நான் வந்த அன்னிக்கே சொல்லுச்சு, ஒரு மிஸ் வந்து கேட்டுட்டுப் போனாங்கன்னு. கையில ஃபோன வெச்சுக்கினு ஏதோ தட்டினாங்கன்னு."

"அப்போ ஏன் அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல கேக்கல?"

"கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்க. என் பேரு உங்க கையிலதானே இருக்குது."

அந்தப் பஸ்ஸில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். என் கோபத்துக்குப் பயந்து அவர் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நானோ அவருக்குப் பயந்துகொண்டிருந்தேன். மன்னிச்சுக்கோங்கக்கா என்றேன். சரி விடுங்க மிஸ், அந்தம்மா வீட்டுல இருக்கணும், அதப் பாருங்க என்றார். வண்டியும் அப்போதுதான் நகர்ந்தது. பயம் அப்படியே இருந்தது. ஆனால் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

பொம்மனஹள்ளியில் விலாசம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மூன்று மாடிக் கட்டடம், தரைத்தளத்தில் இரும்புக் கிரில் போட்ட வீடு. கிரிலுக்குப் பின்னால் வந்து நின்ற அம்மாவைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சமையல்கார அக்கா நல்ல உயரம், கொஞ்சம் பருமன். இவர் ஒல்லி, குட்டை, முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கண்ணாடியும் நடு வகிடும்தான் பொது. ஒருமுறை நேரில் பார்த்திருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும், இவர்கள் இரண்டு பேர் என்று.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நான் யார், எதற்கு வந்தேன் என்று பொறுமையாகச் சொன்னேன். ஓட்டர் லிஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கை கிரிலின் தாழ்ப்பாளுக்குப் போனது, திறப்பதற்காக அல்ல.

"அவங்க பேரு வரணும்னா என் பேரு போகணுமா? அதுக்குத்தான் வந்தீங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. தன் ஓட்டர் கார்டை வாங்க அவர் மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறார். வாடகை வீடு என்று ஒருமுறை, கணவர் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது தடவைதான் கிடைத்தது. இப்போது முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்று, உங்கள் பெயரிலேயே இன்னொருத்தர் என்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? கார்டைக் காட்ட மாட்டேன், ஜெராக்ஸ் எதுவும் தர மாட்டேன் என்றார். நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். ஆபீஸ் என்றதும் அவருக்குப் பயம் இன்னும் அதிகமானது.

சமையல்கார அக்காவுக்கு முழங்கால் வலி, மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மேல்மாடியிலிருந்து யாரோ ஒரு ஆண், வண்டியை எடுக்கச் சொல்லி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து, வரேன் வரேன் என்று பதில் குரல் கேட்டது.

அக்கா சட்டென்று திரும்பினார். அது அவர் கணவருடைய பெயர். கணவர் தவறி எட்டு வருடமாகிறது.

பனியன் போட்ட ஒரு பெரியவர் தூக்கக் கலக்கத்தோடு பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, எங்களைத் தாண்டிப் போய் வண்டியை நகர்த்திவிட்டு, யாருங்க என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரிலுக்குப் பின்னால் இருந்தவர் அதைக் கவனித்தார்.

"உங்க வீட்டுக்காரரு?" என்றார்.

"இல்லம்மா. போயிட்டாரு."

அந்தம்மா தாழ்ப்பாளை எடுத்தார்.  உள்ளே வாங்க, படியில உக்காராதீங்க, வெயில் அடிக்குது என்றார்.

உள்ளே போய் டீ குடித்தோம். இரண்டு பெண்களும் எங்கே பிறந்தார்கள், எத்தனை பிள்ளைகள், எந்த வருடம் பெங்களூருக்கு வந்தார்கள் என்றெல்லாம் பேசினார்கள். என்னை இருவருமே மறந்துவிட்டார்கள், அதுவே எனக்கு நிம்மதியாக இருந்தது. பெயர் யார் வைத்தது என்று ஒருவர் கேட்க, என் அத்தை என்று மற்றவர் சொன்னார். கடைசியில் அந்தம்மா தன் கார்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார், ஆனால் அதன் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

"பேப்பர் எதுவும் என் கையை விட்டுப் போகாது. அதுக்குப் பதிலா நானே வரேன். எந்த ஆபீஸுன்னு சொல்லுங்க. அவங்க பக்கத்துல நிக்கறேன், பாத்துக்கட்டும்."

நகல் கேட்டு வந்த எனக்கு ஆளே கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அவர் வந்தார். நீல யூனிஃபார்ம் சேலையோடு, தோளில் டிபன் பையோடு. அவர் சாவடியின் பொறுப்பாளர் முந்தின நாளே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் தன் அறிக்கையை அனுப்பியிருந்தார். வார்டு ஆபீஸில் அன்று கூட்டம். எங்கள் முறை வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அதிகாரி என்னைவிட வயதில் சிறிய பெண். மேசைமேல் கோப்புகள், ஓரத்தில் ஆறிப்போன காபி. நான் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்திவிட்டு, கன்னடத்தில் சொன்னேன். இவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள். நான் நேரில் பார்க்காமல் ஒரே ஆள் என்று எழுதிவிட்டேன். தவறு என்னுடையது.

கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்ல அங்கே நல்ல வாய்ப்பு இருந்தது. அக்கா என் பக்கத்தில் நின்றதால் சொல்ல வரவில்லை. அவர் இல்லாவிட்டால் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியாது.

அதிகாரி திரையைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என்னிடம் திரும்பி, "பர்து கொடி" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று. அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளில், பூட்டிய வீட்டைப் பக்கத்து வீட்டுப் பேச்சை மட்டும் வைத்து முடிவுசெய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  அதிகாரி அதை வாங்கிப் படித்துவிட்டு, இனிமேல் பூட்டிய வீடு என்றால் மூன்று தடவையாவது போங்கள் மேடம் என்றார். நோட்டீஸ் பற்றிப் பேச்சே இல்லை. பொம்மனஹள்ளிக்காரரிடம், உங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகாது அம்மா என்று அவரே இரண்டு முறை சொன்னார். அக்காவின் புது விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் மூன்று பேரும் பக்கத்திலிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடி இட்லி வடை சாப்பிட்டோம். அந்த இரண்டு பேரும் ஃபோன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் பெயரை மற்றவர் எப்படிப் பதிவது என்று முழித்தார்கள். தன் பெயரையே அடித்து, கூடவே ஊரையும் சேர்த்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு முள் மிச்சம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் மாலையில், குடிபெயர்ந்தவர் என்று நான் போட்ட எல்லா வீட்டுக்கும் மறுபடி போனேன். பெரும்பாலானவற்றில் கவலைப்பட ஒன்றுமில்லை, நானே அவர்களோடு பேசித்தான் எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டுச் சொல்லை நம்பி எழுதியது இன்னும் மூன்று. முதல் இரண்டு வீட்டிலும் வேறு குடும்பங்கள் இருந்தன, பழையவர்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மூன்றாவது வீடு மறுபடியும் பூட்டியிருந்தது. வியாழன் போனேன், பூட்டு. வெள்ளி போனேன், பூட்டு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர், விடேன், போயிருப்பாங்க என்றார். சனிக்கிழமை வீட்டு உரிமையாளரே அங்கே இருந்தார், வெள்ளையடிக்கிறவர்களோடு. போன வருடமே அவர்கள் லிங்கராஜபுரத்தில் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள், அங்கேயே ஓட்டும் மாற்றிக்கொண்டார்கள் என்றார். அவர்களுடைய ஃபோன் நம்பரும் கொடுத்தார். அங்கேயே நின்று பேசினேன். ஆமாம் மேடம், மாத்தியாச்சு, ஏன் கேக்கறீங்க என்றது ஒரு பெண் குரல். சும்மாதான் என்றேன். சுண்ணாம்பு வாடையை மூக்கு நிறைய இழுத்து விட்டேன்.

இறுதிப் பட்டியல் வந்த அன்று காலை, வகுப்புக்குள் போவதற்கு முன்னாலேயே ஃபோனில் தேடினேன். முதலில் பொம்மனஹள்ளி, இருந்தது. பிறகு எங்கள் சாவடி. பட்டியலின் கடைசிப் பக்கத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களோடு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் அக்காவின் பெயர் இருந்தது.

பள்ளி விட்டதும் பி.ஜி.க்கே போனேன். சமையலறையில் அவர் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெரிய அலுமினியப் பாத்திரம், முழங்கை வரை மாவு. ஃபோனை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிடச் சொன்னார், தூக்கிவிட்டேன். பெயரை வாய்விட்டுப் படித்தார். கணவர் பெயரையும் படித்தார், மெதுவாக. அதுவரை அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"அந்தம்மாவுது இருக்குதா?"

"இருக்குதுக்கா. முதல்ல அதைத்தான் பாத்தேன்."

"அப்போ சரி" என்று மாவை மறுபடி அழுத்த ஆரம்பித்தார். உக்காருங்க மிஸ், முதல் ஈடு போட்டதும் ரெண்டு தின்னுட்டுப் போலாம் என்றார். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுந்து போக வேண்டிய அவசரம் எனக்கு எதுவும் இல்லை. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் நல்ல பசி எடுத்தது.